மனநோயும் மின் மருத்துவமும்



மின்சாரம் என்றதும் விளக்கு, விசிறி, கிணற்றடியில் ஓடும் மோட்டார், வானொலிப் பெட்டி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனையிலும் மின்சாரத்துக்கு இடம் உண்டு. துடிப்பின் ஒழுங்கு கெட்டுத் தத்தளிக்கும் இதயத்தை, மார்பின் மேல் மின்னதிர்ச்சி கொடுத்து மருத்துவர்கள் நேர்படுத்துகிறார்கள். அதைக் கேட்டு நாம் வியக்கிறோம். ஆனால், மனநோய்க்கும் மின்சாரத்தால் மருத்துவம் செய்வதுண்டு என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் வாடிவிடும். "ஐயோ, கரண்டு வைத்துவிட்டார்களா!" என்பார்கள். இதயத்துக்கு வைத்தால் உயிர்காக்கும் கருவி. மூளைக்கு வைத்தால் சித்திரவதை! இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? இதில் எவ்வளவு நியாயம் உண்டு? எவ்வளவு அறியாமை உண்டு? இவற்றைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். எனினும், மலையூர்களில் மனநோய் வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவ்வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பள்ளியில் பாடம் சொன்னவன் என்ற உரிமையோடு, படித்தும் கேட்டும் கண்டும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கொல்லிமலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்த மலை அது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் மிளகும் பலாவும் விளைவித்து வாழ்கிறார்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கொல்லிப்பாவையைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். சங்கப் பாடல்களில் பேசப்படும் அப்பாவை, தன் அழகில் மயங்கி அருகே வந்தவரைச் சிரித்தே கொல்லும் என்பது வழிவழியாக வரும் கதை. மலையில் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு நின்றுவிட்டால், கண் நிலைகுத்திவிட்டால், 'ஏதோ ஒன்றின் பார்வை பட்டுவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை நகைக்க வேண்டா. காரணம் தெரியாத துன்பத்துக்கு மனிதன் ஒரு பெயர் வைக்கிறான்; அவ்வளவே. மலையில் மட்டுமன்று, பட்டணத்திலும் அப்படித்தான். பட்டணத்தார் வைக்கும் பெயர்தான் வேறு.

அந்நிலைக்கு மருத்துவ நூலார் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். ஜெர்மானிய மருத்துவர் கால்பாம் என்பவர் 1874-இல் அதை விரிவாக எழுதினார். 'கேட்டடோனியா' என்பது அவர் தந்த பெயர். உடல் உறைந்துபோன நிலை என்று நாம் சொல்லலாம். நோயாளி பேசமாட்டார், உண்ணமாட்டார், தூக்கி வைத்த கையை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார். சிலரிடம் இதற்கு நேர்மாறாக, நோக்கமே இல்லாத ஓயாத பரபரப்பு தோன்றும். நோயாளி உணவின்றி, நீரின்றி, அசைவின்றிக் கிடந்தால் இரத்தம் உறைதல், நுரையீரல் அழற்சி முதலியவை வந்து உயிருக்கே ஆபத்தாகும். கடுமையான மனச்சோர்விலும், மனச்சிதைவிலும், இருமுனை மனநோயிலும் இந்நிலை வரக்கூடும். வேறு உடல்நோய்களாலும் வரும். ஆகவே முதலில் காரணம் ஆராய வேண்டும்.

இத்தகைய நோயாளிகளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் மருத்துவ உலகம் நெடுங்காலம் திகைத்தது. 1934-இல் புடாபெஸ்ட் நகரில் மெடூனா என்ற மருத்துவர் ஒரு புது வழியை முயன்றார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் கருதினார். வலிப்பை வரவழைத்தால் மனச்சிதைவு விலகும் என்பது அவர் கணிப்பு. அதற்கு அவர் எடுத்த மருந்து எது தெரியுமா? கற்பூரம்! நாம் கோயிலில் ஏற்றுகிறோமே, அதே கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசி வழியாகச் செலுத்தினார். இரண்டு நோய்களும் பகை என்ற அவருடைய கருத்து பின்னாளில் தவறென்று தெரிந்தது. ஆனால் வலிப்புக்குப் பின் நோயாளிகள் சிலர் தேறினர் என்பதை மற்ற மருத்துவர்களும் கண்டார்கள். கொள்கை தவறிய இடத்தில் கண்டறிவு நின்றது. அறிவியலில் இப்படி நேர்வதுண்டு.

கற்பூரமும், அதன் பின் வந்த மருந்தும் நோயாளிக்குப் பெரும் அச்சத்தைத் தந்தன. ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடைப்பட்ட நேரம் சொல்லொணாத கலக்கமாக இருந்தது. ஆகவே 1938 ஏப்ரலில் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் மின்சாரத்தைக் கொண்டு வலிப்பை உண்டாக்கினர். இதுவே இன்றைய மின்வலிப்பு மருத்துவத்தின் தொடக்கம். இங்கு ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். மருந்தாவது மின்சாரம் அன்று. அது மூளையில் எழுப்பும் வலிப்பே மருந்து. மின்சாரம் அந்தக் கதவைத் திறக்கும் சாவி.

அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன் அல்லவா? அதற்கு விடை இனி வரும் பகுதியில் இருக்கிறது. அந்நாளில் மயக்க மருந்து கொடுக்காமலே இதைச் செய்தார்கள். உடல் முழுவதும் வலிப்பில் குலுங்கியதால் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. பல் உடைந்தவர்கள் உண்டு. கூட்டம் நிரம்பிய மனநோய் இல்லங்களில், அடங்காதவரை அடக்கவும், எதிர்த்துப் பேசியவரை மிரட்டவும் இது பயன்பட்டதுண்டு. மருந்து தண்டனையாயிற்று. 1975-இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்று அந்தக் கொடுமையை உலகெங்கும் காட்டிற்று. நம் நாட்டுத் திரைப்படங்களும் அக்காட்சியைப் பலவாறு எடுத்துக்கொண்டன. எனவே, மக்கள் அச்சம் வெறுங்கற்பனை அன்று. நடந்தவற்றின் நினைவே அது. ஆனால், நடந்தவை அனைத்தும் இன்றும் அப்படியே நடக்கின்றன என்று எண்ணுவதுதான் பிழை.

1950-களின் தொடக்கத்தில் தசையைத் தளர்த்தும் மருந்தொன்று வழக்கத்துக்கு வந்தது. அதன்பின் இம்மருத்துவத்தின் முகமே மாறிற்று. இன்று முறைப்படி செய்யும் மருத்துவமனையில் நடப்பதைச் சொல்கிறேன். நோயாளி இரவு முதல் வெறும் வயிற்றோடு இருப்பார். காலையில் மயக்க மருத்துவர் ஊசி வழியாகச் சிறு மயக்கம் தருவார், நோயாளி உறங்கிவிடுவார். பின்பு தசை தளர்த்தும் மருந்து செலுத்துவார்கள். பல்லும் நாவும் காக்க வாயில் மெத்தென்ற கட்டை ஒன்று வைப்பார்கள். மூச்சுக்குப் பிராணவாயு தருவார்கள். தலையின் நெற்றிப்பொட்டில் இரு மின்வாய்களை வைத்துச் சில விநாடிகள், ஒரு ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தைச் சிறுசிறு துடிப்புகளாகச் செலுத்துவார்கள். மூளையில் எழும் வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உடல் குலுங்காது. வலிப்பு வந்ததா என்று எப்படி அறிவது? ஒரு காலின் கணுக்காலுக்கு மேல் பட்டை கட்டித் தசை தளர்த்தும் மருந்து பாதத்துக்குச் செல்லாமல் தடுத்திருப்பார்கள். அந்தப் பாதம் மட்டும் சற்றே துடிக்கும். மூளை அலைகளைக் காட்டும் வரைபடமும் துணைசெய்யும். சில நிமிடங்களில் நோயாளி விழித்துக்கொள்வார். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாகப் பெரும்பாலும் 6 முதல் 12 முறை இது நடக்கும்.

வலிப்பு எவ்வாறு நோயை ஆற்றுகிறது என்பது இன்னும் முற்ற விளங்கிவிடவில்லை. அதனால் அதை மந்திரம் என்று சொல்வதா? 1899 முதல் கடைகளில் கிடைத்த ஆஸ்பிரின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற அறிஞர் விளக்கியது 1971-இல்தான். அதற்கு முன்பும் தலைவலி தீர்ந்துதானே வந்தது! ஆனால், விளக்கம் முழுமை பெறாத மருந்தை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும் என்பதும் உண்மையே.

இனி, நன்மையும் தீமையும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் விடாது வாட்டும் கடும் மனச்சோர்வு, உண்ண மறுக்கும் நிலை, மாத்திரைக்கு இணங்காத கேட்டடோனியா, சிலவகை மனச்சிதைவு ஆகியவற்றில் இது விரைந்து பயன் தருகிறது. வாரக்கணக்கில் மருந்தால் அசையாத நோய், சில முறை மின் மருத்துவத்தில் அசைவதுண்டு. அதே வேளையில் இது நோயை வேரோடு எடுத்துவிடுவதில்லை. கடும் மனச்சோர்விலிருந்து இதனால் தேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, மருந்தைத் தொடர்ந்தபோதும், ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது. ஆகவே தொடர்ந்த கவனிப்பு இன்றியமையாதது.

இதனால் உயிர்ச்சேதம் மிக அரிது. ஒரு லட்சம் முறை செய்தால் ஏறத்தாழ இரண்டு என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஆனால் மறதி அரிதன்று. விழித்ததும் குழப்பம், தலைவலி, தசைவலி ஆகியவை சில மணி நேரத்தில் தீரும். மருத்துவம் நடந்த வாரங்களின் நினைவும், அதற்கு முந்திய சில மாதங்களின் நினைவும் மங்கலாம். பலருக்கு அதிற் பெரும்பகுதி திரும்பும். சிலருக்குத் திரும்பாத இடைவெளி நின்றுவிடும். இதைச் சிறிய செய்தி என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. நினைவு என்பது மனிதனின் சொத்து. அந்தச் சொத்தில் ஒரு பங்கை எடுக்கக்கூடிய மருந்தைத் தருமுன், அதை உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

மாணவ நண்பர்களே! இப்பொழுது ஆட்டிசம் பற்றி ஒரு சொல். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இதைப் பற்றிய முதற் பெருங்கட்டுரையை எழுதினார். பிறர் முகம் பார்த்துப் பழகுவதிலும் பேச்சைப் பரிமாறுவதிலும் வேறுபாடு, ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்வதில் நாட்டம், ஒலியும் ஒளியும் தீண்டலும் மிகுதியாக உறைத்தல் ஆகியவை அதன் இயல்புகள். அது குழந்தைப் பருவம் முதல் உடன்வரும் மூளை வளர்ச்சியின் ஒரு வகை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதற்கு வேண்டியது பயிற்சி, பொறுமை, ஏற்ற பள்ளி ஆகியவையே. மின் மருத்துவம் ஆட்டிசத்தை மாற்றாது. அதற்காக அதைத் தருவதும் முறையன்று.

ஆனால், ஆட்டிசம் உள்ளவருக்குப் பிற நோய்களும் வரலாம் அல்லவா? இங்கிலாந்தில் லோர்னா விங், அமிதா ஷா என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தங்கள் மருத்துவகத்துக்கு வந்த, ஆட்டிச வகை இயல்புடைய, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 17 பேரிடம் கேட்டடோனியா இருந்ததாக அவர்கள் கண்டனர். இது மருத்துவரை நாடி வந்தவர்களின் கணக்கே. எல்லாருக்கும் உரிய கணக்கன்று. இருப்பினும், 'இவன் எப்போதும் இப்படித்தான்' என்று சொல்லி ஒரு புதிய நோயைக் கவனியாமல் விட்டுவிடக் கூடாது என்பதை அது நமக்கு உணர்த்திற்று.

அத்தகைய ஒரு பையனை நான் அறிவேன். என் பள்ளியில் படித்தவன். முகம் பார்த்துப் பேசமாட்டான். ஆனால் எண்கள் என்றால் உயிர். காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பேருந்தில் ஏறினால் ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணுவான்; இறங்கும்போது 70-லிருந்து தலைகீழாக எண்ணுவான். நடத்துநர் அவனைக் கேட்டே தம் ஊர்க் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார். 20 வயதில் அவனுடைய எண்ணும் ஒலி நின்றது. உணவு நின்றது. கையைத் தூக்கியபடியே வாசலில் நிற்கத் தொடங்கினான். வீட்டார் பூசாரியை அழைத்தார்கள், கயிறும் கட்டினார்கள். மூன்று வாரங்களில் அவன் எலும்புந் தோலுமானான். அவனை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, தகப்பனாருக்குத் துணையாக நானும் சென்றேன். 70 வளைவுகளும் கடந்தன. அவன் ஒன்றையும் எண்ணவில்லை.

மருத்துவர்கள் முதலில் லோராசெபம் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்நிலைக்கு முதலில் தரவேண்டியது அதுவே. சற்று அசைந்தான், மீண்டும் உறைந்தான். பின்புதான் மின் மருத்துவம் பற்றிப் பேசினார்கள். தன் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் அவன் இல்லை. ஆகவே அவன் சார்பில் தகப்பனார் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. படிவத்தை நான் வாசித்தேன். 'நினைவிழப்பு நேரலாம்' என்ற வரி வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, என்னையும் மறந்துடுவானா?" என்று கேட்டார்.

நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். "பெற்றவரை மறக்கமாட்டான், பெரியவரே. கடந்த சில மாதத்துச் சங்கதிகள் மறக்கலாம். அதில் கொஞ்சம் திரும்பாமலும் போகலாம். இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். தகப்பனார் வெளியே சென்று வேப்பமரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து கைநாட்டு வைத்தார்.

நான்காம் முறைக்குப் பின் அவன் கஞ்சி கேட்டான். எட்டு முறையோடு நிறுத்தினார்கள். ஊர் திரும்பும்போது வளைவுகளை எண்ணினான். ஆனால், நோய் வருவதற்கு ஒரு மாதம் முன்பு அவனை வளர்த்த பாட்டி இறந்திருந்தாள். அது அவன் நினைவில் இல்லை. வீட்டுக்குள் போய் அவளைத் தேடினான். தகப்பனார் அதை அவனுக்கு இரண்டாம் முறையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே அவன் செலுத்திய விலை. அவன் இன்றும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, எண்களோடுதான் வாழ்கிறான். அவனுடைய ஆட்டிசம் போகவில்லை. அதைப் போக்க எவரும் முயலவுமில்லை. போனது நோய், நின்றது அவன். தகப்பனாரைக் கேட்டால், "விலை கொடுத்தோம், பிள்ளை கிடைத்தான்" என்பார். வேறொரு வீட்டில் வேறொரு தகப்பனார் வேறு விதமாக முடிவு செய்யலாம். முடிவு எதுவாயினும், உண்மையைக் கேட்ட பின் எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம், ஆட்டிசமும் மனவளர்ச்சிக் குறைவும் உள்ளவர்கள் தகாத செயல் செய்தால், அவர்கள் உடலில் மாட்டிய கருவியால் தோலில் மின்னதிர்ச்சி கொடுத்து வந்தது. விழித்திருக்கும்போதே வலிக்க வேண்டும் என்றே கொடுப்பது அது. அது மின்வலிப்பு மருத்துவம் அன்று, வெறும் தண்டனை. அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2020-இல் அக்கருவிக்குத் தடை விதித்தது. 2021-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022 இறுதியில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித் தடைக்கு வழிசெய்தது. 2024-இல் மருந்துத்துறை மீண்டும் தடையை முன்மொழிந்தது. இரண்டிலும் மின்சாரம் உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கத்தி கசாப்புக்காரர் கையிலும் உண்டு. அறுவை மருத்துவர் கையிலும் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்வலிப்பு மருத்துவம் செய்யலாகாது என்று தடுக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கு அதைச் செய்யலாகாது. தவிர்க்க முடியாது என்று மருத்துவர் கருதினால் காப்பாளரின் ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் பெற வேண்டும். அவசர மருத்துவம் என்ற பெயரிலும் அதைச் செய்ய முடியாது. மேலும், தனக்கு நோய் முற்றினால் எந்த மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை 5-ஆம் பிரிவு தருகிறது.

இதிலும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. வாரியத்தின் அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களில் உறைந்து கிடக்கும் சிறுவனின் உயிர் போய்விடுமே என்று சில மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலோ, சிறுவருக்கு இதைச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும் என்கிறது. உயிர் ஒரு தட்டில்; உரிமை ஒரு தட்டில். தராசை யார் பிடிப்பது? நாளைய மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நீங்கள்தாம். இந்த வினா உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அதே 95-ஆம் பிரிவு இன்னொன்றையும் தடுக்கிறது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது. இந்தச் சொற்களைப் படிக்கும்போது தமிழராகிய நமக்கு ஒரு நாள் நினைவுக்கு வர வேண்டும். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய்க் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மின் மருத்துவத்துக்கு அஞ்சும் நாம், சங்கிலிக்கு அந்த அளவு அஞ்சினோமா? ஒரு நிமிட வலிப்பைக் கொடுமை என்று சொன்ன வாய், ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டதைக் காவல் என்று சொல்லிற்றே! கொடுமையின் அளவுகோல் நம்மிடம் கோணியிருந்தது.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. காவிரிக் கரையில் குணசீலம் உண்டு. மனநோயாளிகளை ஒரு மண்டலம் தங்கவைத்து வழிபடும் பழைய வழக்கம் அங்கே உண்டு. கோயிலை ஒட்டி அரசு உரிமம் பெற்ற காப்பகமும், மனநல மருத்துவரின் கவனிப்பும் அங்கே அமைந்தன. சாமியும் மருந்தும் சண்டையிட வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. நம் தமிழகம் இத்துறையில் பின்தங்கியதுமன்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அதன் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவினார். மதிலுக்குள் கிடந்த நோயாளியை மனிதராக நடத்தக் கற்பித்த பெருமக்களுள் அவர் ஒருவர்.

இன்று நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவி 2022 முதல் இரவும் பகலும் கிடைக்கிறது. வழி இல்லை என்ற காலம் போய்விட்டது. வழி தெரியவில்லை என்ற குறைதான் எஞ்சியிருக்கிறது. அதைத் தீர்க்கக் கூடியவர்கள் மாணவர்களாகிய நீங்களே.

உங்கள் தெருவிலோ உறவிலோ ஒருவருக்கு மின் மருத்துவம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்போது வீட்டுப் பெரியவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். "வேண்டாம்" என்று உடனே அலறாதீர்கள். "சரி" என்று உடனே தலையாட்டவும் செய்யாதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோய்க்காக இது? வேறு மருந்து முயன்று பார்த்தாயிற்றா? மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தானே செய்வீர்கள்? நோயாளியிடம், அவரால் இயலாவிட்டால் அவர் சார்பில் நிற்பவரிடம், நன்மை தீமை இரண்டையும் சொல்லி ஒப்புதல் பெற்றீர்களா? நான்குக்கும் நேரான விடை வந்தால் அச்சம் வேண்டா. ஒன்றுக்கு மழுப்பலான விடை வந்தாலும் அங்கே நில்லுங்கள். வேறு மருத்துவரையும் கேளுங்கள்.

படிக்கத் தெரியாத ஒருவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். மெல்ல வாசியுங்கள்; இனிக்கும் வரியைப் போலவே கசக்கும் வரியையும் விடாமல் வாசியுங்கள். நீங்கள் கற்ற கல்வி அந்த ஒரு நாழிகையில் பயன் பெற்றுவிடும்.